பிளஸ் டூவும் நீட்டும் ஒரே ஆண்டில்: ஒரு பயிற்சி மையத்தில் பதினோரு மாதங்கள்

என் மகள் 2024 ஜூன் முதல் 2025 ஏப்ரல் இறுதி வரை எங்கள் மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு தனியார் பயிற்சி மையத்தில், பிளஸ் டூ படித்துக்கொண்டே நீட் எழுதும் மாணவர்களுக்கான ஓராண்டு வகுப்பில் படித்தாள். மையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பல, பிள்ளைகளை வேறு மையங்களில் சேர்த்திருந்த நண்பர்களும் சொன்னவைதான் என்பதால், ஒரு பெயரை மட்டும் சுட்டுவது முறையாகாது. இத்தகைய மையங்களைப் பற்றிப் பேசும்போது எத்தனை பேருக்கு மருத்துவ இடம் கிடைத்தது என்பதையே எல்லோரும் கேட்கிறார்கள். அந்த எண்ணிக்கை வாசலில் பெரிய பதாகையிலேயே இருக்கும். பள்ளியின் பொதுத்தேர்வுக்கு மையம் எவ்வளவு இடம் விடுகிறது என்பதைத்தான் நான் சேர்க்கும்போதே கேட்டிருக்க வேண்டும். ஆண்டு முடிந்த பிறகுதான் அந்தக் கேள்வியே எனக்குத் தெளிவாகப் புரிந்தது. எனவே இந்த மதிப்பீட்டை அந்த ஒரு கோணத்திலிருந்தே எழுதுகிறேன்.

கட்டணம் 52,000 ரூபாய், இரண்டு தவணைகளில். பாடப்புத்தகங்களுக்கும் தேர்வுத் தாள்களுக்கும் தனியாக எதுவும் வாங்கவில்லை. செவ்வாய், வியாழன் மாலை ஐந்தரை முதல் எட்டரை வரை, சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை என வாரத்திற்கு ஏறத்தாழ 16 மணி நேரம் வகுப்பு நடந்தது. ஒரு வகுப்பில் ஐம்பது பேருக்கு மேல் சேர்க்க மாட்டோம் என்ற உறுதியை அவர்கள் கடைசி வரை காப்பாற்றினார்கள். இடம் காற்றோட்டமாக இருந்தது, கழிப்பறைகள் சுத்தமாக இருந்தன, இரவு வகுப்பு முடிந்ததும் மாணவிகள் பேருந்து ஏறும் வரை அலுவலக உதவியாளர் ஒருவர் நிறுத்தத்தில் நின்றார். ஒரு தகப்பனாக இந்தக் கடைசிச் செய்திக்கு நான் பெரிதும் நன்றியுடையவன்.

ஆசிரியர்களைப் பற்றிச் சொல்ல நல்ல செய்திகளே அதிகம். நீட் தேர்வில் 180 கேள்விகளில் 90 உயிரியலிலிருந்து வருகின்றன. 720 மதிப்பெண்களில் 360 அந்தப் பாடத்திற்கே உரியவை. உயிரியல் ஆசிரியை அதை உணர்ந்தவராக, பிளஸ் ஒன் பகுதியிலிருந்தே தொடங்கினார். மனித உடற்செயலியலும் தாவர உடற்செயலியலும் பிளஸ் ஒன்னில் படித்து மறந்துபோகிற பகுதிகள். பிளஸ் டூ மாணவர்கள் அவற்றைத் தொட்டுப் பார்க்கவே நேரமின்றித் தவிப்பார்கள். இவர் ஜூன், ஜூலை இரண்டு மாதங்களையும் முழுக்க அவற்றுக்கே கொடுத்துவிட்டு, பள்ளியில் மரபியல் தொடங்கிய வாரத்திலேயே தாமும் மரபியலுக்கு வந்தார். பள்ளியில் ஒரு முறை, மையத்தில் ஒரு முறை என ஒரே பாடத்தை ஒரே வாரத்தில் இரு குரல்களில் கேட்டதால், என் மகளுக்கு உயிரியல் ஒருபோதும் இரண்டு பாடமாகத் தோன்றவில்லை. இரு தேர்வுகளையும் ஒரே உழைப்பால் சுமக்க முடியும் என்பதற்கு இந்த ஆசிரியையின் பாடத்திட்டம் நேரடிச் சான்று. மையம் முழுவதும் இப்படி நடந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையைப் பாதி நீளத்தில் முடித்திருப்பேன்.

வேதியியலில்தான் முதல் விரிசல் தெரிந்தது. மாநிலப் பாடத்திட்டத்தின் பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தில் 15 அலகுகள் உள்ளன. அவற்றில் முதல் அலகே உலோகவியல். நீட் பாடத்திட்டத்தை 2024 தேர்விலிருந்து தேசிய மருத்துவ ஆணையம் குறைத்தபோது உலோகவியல், திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், அன்றாட வாழ்வில் வேதியியல் ஆகியவை நீக்கப்பட்டன. ஆகவே நீட் மட்டுமே நோக்கமாகக் கொண்ட ஒரு வகுப்பில் அந்த நான்கு அலகுகளும் ஓராண்டு முழுவதும் வாயெடுத்துச் சொல்லப்படாமலேயே போய்விடுகின்றன. பொதுத்தேர்விலோ அவை அப்படியே இருக்கின்றன. நுரை மிதப்பு முறையும் எலிங்கம் வரைபடமும் ஒரு மாணவியின் 70 மதிப்பெண் தாளில் எந்தப் பக்கத்திலும் வந்து நிற்கலாம். இன்னொரு முரண்பாடும் உண்டு. அயனிச் சமநிலை மாநிலப் புத்தகத்தில் பிளஸ் டூவில் வருகிறது; மையம் பின்பற்றிய என்சிஇஆர்டி புத்தகத்திலோ அது பதினோராம் வகுப்புப் பாடம். அதனால் மையத்தில் ஜூலையிலேயே அதை முடித்துவிட்டார்கள், பள்ளியில் அது அக்டோபரில் வந்தது, நடுவே இருந்த மூன்று மாதங்களில் கணக்குகள் கைவிட்டுப் போயிருந்தன.

இதை நான் ஆகஸ்டிலேயே அலுவலகத்தில் எடுத்துச் சொன்னேன். மாநிலப் புத்தகத்தில் மட்டும் உள்ள பகுதிகளுக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று கேட்டேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், ஆனால் எதுவும் மாறவில்லை. கிடைத்த பதில், "நீட்டுக்கு நன்றாகப் படித்தால் பொதுத்தேர்வு தானாக வந்துவிடும் சார்" என்பதுதான். இந்த வாக்கியத்தைப் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர் எல்லோரும் கேட்டிருப்பார்கள். அது உயிரியலில் பெரும்பாலும் உண்மை, வேதியியலில் பாதி உண்மை, இயற்பியலில் தவறு. கடைசியில் அந்த நான்கு அலகுகளையும் அவள் பள்ளியின் வேதியியல் ஆசிரியர் மாலை நேரச் சிறப்பு வகுப்பில் நடத்தித்தான் தெரிந்துகொண்டாள். அந்தச் சிறப்பு வகுப்பு ஐந்தரைக்கு முடியும், மையத்தின் வகுப்பு ஐந்தரைக்குத் தொடங்கும். நடுவே இருந்த நான்கு கிலோமீட்டரை அவள் எப்படிக் கடந்தாள் என்பதை நான் இன்றும் வருத்தத்துடனே நினைக்கிறேன்.

இயற்பியல் விஷயம் இன்னும் ஆழமானது. டிசம்பரில் நடந்த அரையாண்டுத் தேர்வின் திருத்திய தாளை நான் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். ஒரு மதிப்பெண் கேள்விகள் 15, பதினைந்தும் சரி. இரண்டு மதிப்பெண் பகுதியில் 12க்கு 8, மூன்று மதிப்பெண் பகுதியில் 18க்கு 9, ஐந்து மதிப்பெண் பகுதியில் 25க்கு 9. மொத்தம் 70க்கு 41. பாடம் தெரியாத பிள்ளையின் தாள் அல்ல அது. மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் உருவாகும் மின்புலத்திற்கான சமன்பாட்டை அவளால் நொடியில் சொல்ல முடியும். அந்தச் சமன்பாடு எப்படி வந்தது என்பதைப் படம் வரைந்து, குறியீடுகளை விளக்கி, படிப்படியாக எழுதிக் காட்ட மறந்திருந்தாள். பயிற்சி மையத்தில் ஆறு மாதங்களாக அவள் கை எழுதியது வட்டங்களை நிரப்புவதற்காக மட்டுமே. சமன்பாட்டைத் தருவிக்கும் பகுதியை "இதற்குக் கேள்வி வராது" என்று சொல்லி ஆசிரியர் தாண்டிச் சென்றிருக்கிறார். அவர் நோக்கில் அது நியாயமாக இருக்கலாம். ஆனால் எந்தச் சூழலில் அந்தச் சமன்பாடு பொருந்தாது என்பது தருவித்துப் பார்த்தவருக்கே தெரியும் என்பதால், அப்படித் தாண்டியது நீட் தேர்வுக்கும் நன்மை செய்யவில்லை என்பதே என் கணிப்பு.

பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் தாளைப் பார்த்துவிட்டு அவளிடம் சொன்ன வழி எளியது. தினமும் இரவு ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் விடையைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுத வேண்டும், பத்து நிமிடத்திற்கு மேல் எடுக்கக் கூடாது, மறுநாள் காலை அவரிடம் காட்ட வேண்டும். வீட்ஸ்டோன் சமனச்சுற்று, மின்மாற்றி, லென்சு உருவாக்குபவர் சமன்பாடு என்று ஜனவரி தொடக்கத்திலிருந்து ஐம்பது விடைகளுக்கு மேல் அப்படி எழுதினாள். 52,000 ரூபாய் கட்டிய இடத்தில் கிடைக்காத ஒன்றை, பள்ளியின் ஆசிரியர் ஒருவர் காலை ஒன்பது மணிக்கு முன்பாகத் தம் சொந்த நேரத்தில் கொடுத்தார். அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த பிள்ளை அவள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இனி முக்கியமான இடத்திற்கு வருகிறேன். தமிழ்நாட்டில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பிள்ளைக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலம் எப்படிப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே: திருப்புதல் தேர்வுகள், ரெக்கார்டு நோட்டு, பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, பிறகு பொதுத்தேர்வு. 2025இல் பொதுத்தேர்வு மார்ச் 3ஆம் தேதி தொடங்கி 25ஆம் தேதி முடிந்தது. சேர்க்கையின்போது கொடுத்த அச்சிட்ட அட்டவணையில், பிப்ரவரி 1 முதல் பொதுத்தேர்வு முடியும் வரை வகுப்புகள் நிறுத்தப்படும் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். அதை நம்பித்தான் சேர்த்தேன். ஜனவரி இறுதியில் நீட் தேர்வு முறையே மாறியது. விருப்பக் கேள்விகள் கொண்ட பகுதி நீக்கப்பட்டு, 200 நிமிடங்கள் என்பது 180 நிமிடங்களாகக் குறைந்து, 180 கேள்விகளையும் கட்டாயம் எதிர்கொள்ளும் பழைய முறை திரும்பியது. ஒரு கேள்விக்குச் சரியாக ஒரு நிமிடம். அந்த அறிவிப்பைக் காரணம் காட்டி, மையம் பிப்ரவரி முழுவதும் ஞாயிறுதோறும் முழுநீள மாதிரித் தேர்வு நடக்கும் என்று குறுஞ்செய்தி அனுப்பியது. அதில் ஒரு தேர்வு, அவளுக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு இருந்த திங்கட்கிழமைக்கு முந்தைய நாள் வந்து விழுந்தது.

புதிய முறைக்கு ஏற்ப வினாத்தாள்களை இரண்டே வாரத்தில் மாற்றியமைத்த அவர்களுடைய வேகத்தை நான் பாராட்டுகிறேன். ஆனால் அந்த மாற்றத்திற்குப் பிள்ளைகளைப் பழக்க ஏப்ரல் மாதம் முழுவதும் காத்திருந்தது. அச்சிட்டுக் கொடுத்த வாக்கை மாற்றும்போது பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நான் மகளை அனுப்பவில்லை. இரண்டு ஞாயிறுகள் வராததால் வருகைப் பதிவைச் சுட்டிக்காட்டி அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள், அவளிடமே நேரடியாகப் பேசி "உன்னுடன் படிப்பவர்கள் முன்னே போய்விடுவார்கள்" என்றும் சொல்லியிருக்கிறார்கள். பதினேழு வயதுப் பிள்ளையிடம், அதுவும் பொதுத்தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில், இப்படிப் பேசுவது சரியல்ல. அன்று இரவு அவள் தூங்கவில்லை. மறுநாள் நானும் இன்னும் ஐந்து பெற்றோரும் நேரில் சென்று பேசிய பிறகு நிர்வாகி வருத்தம் தெரிவித்தார், மீதமிருந்த தேர்வுகளை விருப்பத்திற்குரியவை என்று மாற்றினார். பேசினால் கேட்கிறவர்கள் என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறேன். ஆனால் பேசுவதற்கு நேரமோ துணிவோ இல்லாத பெற்றோரின் பிள்ளைகள் அந்தத் தேர்வுகளை எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பொதுத்தேர்வு முடிந்த மார்ச் 25க்கும் நீட் தேர்வு நடந்த மே 4க்கும் நடுவே முழுதாக 39 நாட்கள் இருந்தன. இந்த 39 நாட்களைப் பொறுத்தவரை அந்த மையத்தின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு நாள் ஓய்வு கொடுத்தார்கள். பிறகு காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை திருப்புதல் வகுப்பு, மாலையில் ஐயம் தீர்க்கும் நேரம் என்று அமைத்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், உண்மையான தேர்வு நடக்கும் அதே பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை, ஓஎம்ஆர் தாளில், கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் முழுத் தேர்வு நடந்தது. சாப்பிட்டதும் கண் அயரும் அந்த நேரத்தில் மூளையை விழிக்க வைக்கப் பழக்குவது சிறிய செயல் போலத் தோன்றலாம். முதல் நான்கு தேர்வுகளில் மூன்று மணிக்கு மேல் அவள் செய்த தவறுகளின் எண்ணிக்கையையும் கடைசி நான்கு தேர்வுகளில் செய்த தவறுகளின் எண்ணிக்கையையும் நான் ஒப்பிட்டுப் பார்த்ததால் அதன் அருமை எனக்குத் தெரியும்.

அந்த நாட்களில் மையம் கொடுத்தவற்றுள் மிகச் சிறந்தது பிழைக் குறிப்பேடு. ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் தவறிய கேள்விகளை மாணவர்களே மூன்று வகையாகப் பிரித்து எழுத வேண்டும்: பாடம் தெரியாததால் தவறியவை, கேள்வியைச் சரியாக வாசிக்காததால் தவறியவை, கணக்கிடுகையில் தவறியவை. சரியான விடைக்கு 4 மதிப்பெண் கிடைக்கிறது, தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிகிறது. எனவே வாசிப்புப் பிழை ஒன்று வந்தால் உண்மையில் இழப்பது 5 மதிப்பெண். "தவறானதைத் தேர்ந்தெடு" என்ற கேள்வியில் சரியானதைத் தேர்ந்தெடுத்து அவள் ஒரே தேர்வில் 30 மதிப்பெண் இழந்திருந்தாள். அந்தக் குறிப்பேடு இல்லாவிட்டால், தனக்குப் பாடம் தெரியவில்லை என்று எண்ணி மீண்டும் முதலிலிருந்து படிக்க உட்கார்ந்திருப்பாள். இந்தக் குறிப்பேட்டை ஜூன் மாதமே, வாரத்தேர்வுகளுக்கே தொடங்கியிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

பாடநூல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆங்கிலப் பதிப்பு நன்று. தமிழ்வழி மாணவர்களுக்கான பதிப்பு அவசரமாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தது. மாநிலப் புத்தகத்தில் ஒரு கலைச்சொல், மையத்தின் நூலில் வேறு ஒரு கலைச்சொல், நீட் வினாத்தாளில் மூன்றாவதாக ஒன்று என்றிருந்தால் பிள்ளை எதை மனத்தில் இருத்தும்? நீட்டின் தமிழ் வினாத்தாளில் ஆங்கில வடிவமும் உடன் இருக்கும், ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பதால், இரு மொழிக் கலைச்சொற்களையும் அருகருகே அச்சிட்ட பட்டியல் ஒன்றை மையம் கொடுத்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். என் மகள் அத்தகைய பட்டியலைத் தானே எழுதித் தயாரித்துக்கொண்டாள்.

முடிவுகளையும் சொல்லியாக வேண்டும். மே 8ஆம் தேதி வந்த பிளஸ் டூ முடிவில் உயிரியலில் 97, வேதியியலில் 95, இயற்பியலில் 88 பெற்றாள். அரையாண்டில் 70க்கு 41 வாங்கிய பாடம் அது. ஜூன் மாதம் வந்த நீட் முடிவில் 412 மதிப்பெண்; தகுதி பெற்றாள், ஆனால் எங்கள் பிரிவில் அரசு மருத்துவக் கல்லூரி இடத்திற்கு அது போதவில்லை. அந்த ஆண்டின் இயற்பியல் பகுதி மிகக் கடினமாக இருந்தது என்று எல்லோருமே சொன்னார்கள், அவளும் அதில்தான் சறுக்கினாள். தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டுக் கட்டணம் எங்களால் எண்ணிப் பார்க்கக்கூடியது அல்ல. அவள் மாநிலக் கலந்தாய்வில், பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில், அரசுக் கல்லூரி ஒன்றில் செவிலியர் பட்டப்படிப்பில் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள், விரும்பியே படிக்கிறாள்.

நீட்டுக்குப் பொதுத்தேர்வு மதிப்பெண் கணக்கில் வராது, இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து 50 விழுக்காடு, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு இருந்தால் போதும் என்று மையத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். விதியின்படி அது சரி. ஆனால் அந்த வகுப்பில் இருந்த ஐம்பது பேரில் பெரும்பாலோர் மருத்துவக் கல்லூரிக்குள் போகவில்லை. எந்த மையத்திலும் அப்படித்தான். அவர்கள் போன இடங்கள் கால்நடை மருத்துவம், வேளாண்மை, மருந்தியல், செவிலியம், பொறியியல் போன்றவை. இவற்றின் மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே அப்போது நிரப்பப்பட்டன. கால்நடை மருத்துவத்தில் உயிரியலை 100க்கும் மற்ற இரண்டையும் 50க்கும் மாற்றி 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃபில், அரை மதிப்பெண் ஒருவரைப் பட்டியலில் வெகுதூரம் கீழே தள்ளிவிடும். என் மகளுடன் படித்த ஒரு பையன் நீட்டில் அவளைவிட 20 மதிப்பெண் கூடுதலாகப் பெற்றான், பொதுத்தேர்வு இயற்பியலில் 64. அவனுக்கு விருப்பமான எந்தப் படிப்பிலும் இடம் கிடைக்கவில்லை. இந்த ஆண்டு மறுபடியும் அதே மையத்தில், மீண்டும் எழுதுவோருக்கான வகுப்பில், முழுக்கட்டணம் கட்டிச் சேர்ந்திருக்கிறான்.

என் மகன் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறான், அவனுக்கும் மருத்துவ ஆசை உண்டு. அடுத்த ஆண்டு அவனை இதே மையத்தில் சேர்ப்பேனா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஓராண்டு வகுப்பில் சேர்க்க மாட்டேன். பொதுத்தேர்வுக்குப் பிந்தைய அந்த ஆறு வார வகுப்பும் தேர்வுத் தொடரும் தனியாகவும் கிடைக்கின்றன, கட்டணம் 14,000 ரூபாய். அதில் தயக்கமின்றிச் சேர்ப்பேன். அதுவரை வாரத்தில் ஒரு நாள் மட்டும் நடக்கும் அவர்களுடைய உயிரியல் வகுப்பு போதும். ஓராண்டு வகுப்பிலேயே சேர்க்க எண்ணும் பெற்றோர், கையெழுத்திடும் முன் பிப்ரவரி, மார்ச் மாத அட்டவணையை மட்டும் தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாநிலப் புத்தகத்தின் உலோகவியலை யார், எந்த மாதம் நடத்துவார் என்றும் கேளுங்கள். நான் சென்ற வாரம் மகனுக்காக விசாரிக்கப் போனபோது இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டேன். பொறுப்பாளர் சற்று யோசித்துவிட்டு, வரும் ஜூனிலிருந்து மாநிலப் பாடத்திட்டத்திற்கென மாதம் ஒரு ஞாயிறு ஒதுக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார். அட்டவணை அச்சாகி வந்ததும் ஒரு பிரதி கொடுக்கும்படி கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.